பதினோராம் எண் கூண்டு: இதழியல் கல்வியும் சேதுக் கரையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரம் நிலையத்தில் ரயில் நிற்பதை நிறுத்தினார்கள். சென்னையிலிருந்து வரும் நாளிதழ்களை என்ன செய்வது? ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே, ஓடுகிற ரயிலிலிருந்து கட்டுக் கட்டாக வெளியே வீசினார்கள். விழுந்த கட்டுகளைச் சேர்த்து எடுத்து வர, ஊரின் பத்திரிகை முகவரான சம்சுதீனுக்கு ஒரு கைத்துணை வேண்டியிருந்தது. உறவுக்காரப் பள்ளிச் சிறுவன் ஒருவன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டான். மைத்துனர் ஜலாலுதீன் சொன்ன போர்ச் செய்திகளைப் பிறகு தினமணியின் தலைப்புகளில் தேடிப் பார்ப்பவன் அவன். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் தன் முதல் சம்பளத்தைப் பற்றிச் சொல்லும்போது இந்த வேலையைத்தான் சொல்கிறார்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் ஒரு சிறுவனின் உழைப்பைப் பார்த்திருக்கிறோம். இதழியல் ஆசிரியனாக நான் அந்த ரயிலையும் பார்க்கிறேன். கட்டு கீழே விழுந்தது. கரையிலிருந்து ஒரு கட்டும் அந்த ரயிலில் ஏறவில்லை. பர்மாவில் என்ன நடக்கிறது, ஐரோப்பாவில் யார் முன்னேறுகிறார்கள் என்பதெல்லாம் ராமேஸ்வரத்துக்குத் தெரிந்தது. ராமேஸ்வரத்தில் அன்று மீன் என்ன விலை போனது, போரால் இலங்கைப் போக்குவரத்து எப்படி ஆனது, யார் வீட்டில் உலை கொதிக்கவில்லை என்பதைச் சென்னைக்குச் சொல்ல ஆள் இருந்ததா? எண்பது ஆண்டுகளாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

இந்தியாவிலேயே உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் இந்த ராமேஸ்வரம் தீவில் நிற்கிறது. உயரம் 323 மீட்டர். பாம்பன் பாலம் ஏறும்போதே கண்ணில் படும். டெல்லியின் படத்தையும் சென்னையின் குரலையும் இந்தக் கரைக்கும் இலங்கையின் அக்கரைக்கும் கொண்டுபோகக் கட்டியது. அதன் நிழலில் இருக்கும் ஒரு குடிசையின் பேச்சு அந்தக் கோபுரத்தில் ஏற என்ன வழி என்று கேட்டால், எந்தப் பொறியாளரும் பதில் சொல்ல முடியாது. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியது இதழியல் துறை.

அந்தத் துறையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்னி பெசன்ட் 1920-இல் அடையாறு தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பாடம் தொடங்கி, மாணவர்களைத் தம் ‘நியூ இந்தியா’ நாளிதழில் பழக வைத்தார். அது நீடிக்கவில்லை. 1941-இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் முறையான துறையைத் தொடங்கியது. பிரிவினைக்குப் பிறகு அது டெல்லிக்குப் பெயர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947-இல் இதழியல் கல்வி தொடங்கியது. அப்புறம் மதுரை, திருநெல்வேலி, கோவை, சேலம், திருவாரூர் என்று பொதுப் பல்கலைக்கழகங்களில் துறைகள் பரவின. 1966-இல் மதுரையில் பல்கலைக்கழகம் வந்தது. 1985-இல் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது; ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் போயின. ஆனாலும் பத்திரிகைத் தொழில் படிக்க வேண்டும் என்று தங்கச்சிமடத்திலோ ஏர்வாடியிலோ ஒரு பிள்ளை ஆசைப்பட்டால், மூட்டை கட்டிக்கொண்டு மதுரை ரயிலைத்தான் பார்க்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். தூரத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அங்கே போய் என்ன கற்கிறது என்பதுதான் கவலை.

1964-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். தொடர்பியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் இரண்டு நூல்கள் அந்த ஆண்டில் வெளியாயின. ஒன்று கனடாவின் மார்ஷல் மெக்லூகன் எழுதிய ‘அண்டர்ஸ்டாண்டிங் மீடியா’. இன்னொன்று யுனெஸ்கோவுக்காக வில்பர் ஷ்ராம் எழுதிய ‘மாஸ் மீடியா அண்ட் நேஷனல் டெவலப்மென்ட்’. வானொலியும் பத்திரிகையும் ஏழை நாடுகளை எப்படி முன்னேற்றும் என்று ஷ்ராம் விளக்கினார். இரண்டையும் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கீழிருந்து மேலே போகும் பேச்சைப் பற்றியும் ஷ்ராம் எழுதுகிறார். ஆனால் நான் அழுத்திச் சொன்னது மேலிருந்து கீழே வருவதைத்தான். தேர்வில் வரும் கேள்வியும் அதுதான்.

அதே 1964, டிசம்பர் 22. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் 653-ஆம் எண் பயணிகள் ரயில் இரவு 11.55-க்குக் கிளம்பியது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் விழவில்லை. கம்பித் தொடர்பு அறுந்துவிட்டது. ஓட்டுநர் காத்திருந்து பார்த்தார். நீண்ட ஊதல் ஒலித்துவிட்டு இருட்டுக்குள் வண்டியைச் செலுத்தினார். புயலில் எழுந்து வந்த கடல் ரயிலை எடுத்துக்கொண்டது. வண்டியில் இருந்தவர்கள் 115 பேர் என்பது அன்றைய கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறியவர்களை யாரும் எண்ணவில்லை. ஊரும் போயிற்று. மண்டபத்தின் கடல்சார் கண்காணிப்பாளர் தந்த தகவலை வைத்து, ரயில் போன செய்தியை ரயில்வே அறிவித்தது டிசம்பர் 25-இல்தான். நள்ளிரவில் ஒரு ரயிலே கடலுக்குள் போயிருக்கிறது. நாட்டுக்குத் தெரிய இரண்டு பகலுக்கு மேல் ஆனது.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், உங்களுக்குத் தெரியும். பகலில் கூம்பும் உருளையுமாக, இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளாக. ஒன்றாம் எண் என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது. மூன்று, நான்கு என்றால் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். கூண்டு ஏறிய செய்தியைத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு முன்பே நம் கரையில் “கூண்டு ஏத்திட்டான்” என்ற சொல் வீடு வீடாகப் போய்விடும்.

பத்தோடு அது முடிவதில்லை. பதினோராம் எண் ஒன்று உண்டு. காற்றின் வேகத்தையோ புயலின் திசையையோ அது சொல்வதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அற்றுப்போய்விட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று இங்குள்ள அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். எல்லாவற்றிலும் உயர்ந்த எண்ணைப் பெரும் புயலுக்குக் கொடுக்காமல், செய்தி அறுந்துபோன நிலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதை வகுத்தவர்கள் கடலையும் துறைமுகத்தையும் நன்றாக அறிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். என் பாடத்திட்டத்தில் தொடர்பியலின் முதல் வகுப்பை இந்தக் கூண்டிலிருந்து தொடங்கச் சொல்வேன். மெக்லூகன் அடுத்த வாரம் வரட்டும்.

தொடர்பு அறுவதற்குக் கம்பிதான் அறுந்து விழ வேண்டும் என்பதில்லை. சொல்லும் அறுந்து விழும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் பாம்பனுக்கு அருகிலிருந்து வந்து என் வகுப்பில் படித்த ஒரு மாணவி. வானிலை அறிக்கையை மக்கள் மொழியில் எழுதிவரச் சொல்லியிருந்தேன். அவள் தாளில் “வாடை எழும்பிருச்சு” என்று இருந்தது. அதை அடித்து, சிவப்பு மையில் “வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியது” என்று திருத்தினேன். அவள் தாளை வாங்கிக்கொண்டு நின்றாள். “சார், அது வேற, இது வேற. வாடைன்னா எங்கப்பா வலையைத் தூக்கிட்டு எந்தப் பக்கம் போகணும்னு முடிவு பண்ணிருவாரு. நீங்க எழுதினதைப் படிச்சா குடை எடுத்துக்கலாம்.”

நான் அதற்கு என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அவள் சொன்னது அப்படியே இருக்கிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கு இந்தக் கரையில் பெயர்கள் உண்டு. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள்; எதில் எந்த மாதம் எந்த வலை விரிப்பது என்ற கணக்கு முழுவதும் அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது. “குறைந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் காரணமாக மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில்” என்று அறிவிப்பு வந்தால், கேட்பவர் அதைத் தன் சொல்லுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றித் தருகிற வேலைக்கு ஒரு ஆள் வேண்டும். வானிலை இயலும் தெரிந்து, வாடையும் தெரிந்த ஆள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரிக் கடலோர மக்கள் பட்டதை நினைத்தால், இந்த மாற்றித் தரும் வேலையை ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் வைத்திருந்ததற்காக நான் வருந்துகிறேன். கரைக்குச் சொல்லும் வழியும், ஆழ்கடலில் பல நாள் தங்கியிருந்தவர்களுக்குச் சொல்லும் வழியும் வெவ்வேறு. அந்த இரண்டாவது வழி அன்று இல்லை.

அடுத்து நம் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட செய்தி. “ராமேஸ்வரம் மீனவர்கள் சிறைபிடிப்பு.” எண் மாறும், தேதி மாறும், வாசகம் மாறாது. படகு எத்தனை, ஆள் எத்தனை, நெடுந்தீவு அருகே, இலங்கைக் கடற்படை, ஊர்க்காவற்துறை நீதிமன்றம். நான்கு வரி. இந்த நான்கு வரியை எழுதும் உள்ளூர் நிருபர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நள்ளிரவில் தொலைபேசி அடித்தால் எழுந்து துறைமுகத்துக்கு ஓடுகிறவர்கள் அவர்கள். பலருக்கு மாதச் சம்பளம் கூடக் கிடையாது. ஆனால் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு இருந்து படிக்கும் மாணவனுக்கு அந்த நான்கு வரி போதாது.

அதே நாள் யாழ்ப்பாணத்தில் வெளியாகும் தமிழ் நாளிதழை எடுத்துப் பாருங்கள். அங்கே தலைப்பு “இந்திய மீனவர்களின் அத்துமீறல்” என்று இருக்கும். ஒரே மொழி, ஒரே கடல், ஒரே இரவு. இங்கே சிறைபிடிப்பு, அங்கே அத்துமீறல். இன்னும் கூர்ந்து பாருங்கள்: நாம் ‘விசைப்படகு’ என்று சொல்வதை அவர்கள் ‘இழுவைப்படகு’ என்கிறார்கள். நம் சொல் படகில் இருக்கும் இயந்திரத்தைச் சொல்கிறது. அவர்கள் சொல் கடலடியை வாரி இழுக்கும் மடி வலையைச் சொல்கிறது. எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதிலேயே யார் பக்கம் நிற்கிறோம் என்பது முடிந்துவிடுகிறது. மொழியியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க நடத்தினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது.

ஒரு மாணவன் இந்தச் செய்தியை முழுதாக எழுத என்னென்ன தேட வேண்டும்? 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களைப் படிக்க வேண்டும். கச்சத்தீவும் கடல் எல்லையும் அவற்றில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். இழுவை மடி நம் கடலுக்கு எப்படி வந்தது, எந்த அரசு மானியம் கொடுத்து வளர்த்தது என்று கேட்க வேண்டும். 1983 முதல் 2009 வரை போரினால் வடக்கு இலங்கை மீனவர்கள் தங்கள் கடலுக்கே போக முடியாமல் இருந்த ஆண்டுகளையும், திரும்பி வந்தபோது அவர்கள் விரித்த வலைகள் அறுபட்டதையும் எழுத வேண்டும். 2017-இல் இலங்கை இழுவை மடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடுத்ததையும் எழுத வேண்டும். இந்தப் பக்கம் திரும்பினால், திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடு ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். நம் கரைக்குள்ளேயே இரண்டு தரப்பு இருப்பது அப்போதுதான் தெரியும். பிடிபட்ட படகு யாருடையது? அதில் போனவர் கூலியா, பங்கா? படகு நாட்டுடைமையானால் கடன் யார் தலையில்? சிறையிலிருந்து மொட்டை அடித்து அனுப்பப்பட்டவர் வீட்டுக்கு வந்த மறுநாள் எங்கே போனார்?

இதைச் சொல்லும்போது யாருக்கும் நான் தீர்ப்பு எழுதவில்லை. சிறையில் இருப்பவரின் மனைவி இந்த அரங்கில் இருக்கலாம். அவர் துயரத்தில் பாதியைக் கூட நான்கு வரிச் செய்தி சொல்லவில்லை என்பதும் என் குறைதான். சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட கரை இது. அக்கரையின் குரலில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அக்கரையின் செய்தித்தாளையும் படிக்கச் சொல்லித் தருவது நம் இதழியல் துறைக்கு இயல்பாக வர வேண்டிய காரியம். யாழ்ப்பாணத்து ஊடக மாணவர்களும் நம் மாணவர்களும் ஒரே இரவின் செய்தியைத் தனித்தனியே எழுதி, மாற்றிப் படித்துப் பார்க்கும் ஒரு பயிற்சியை நான் பல முறை எழுத்தில் முன்வைத்திருக்கிறேன். இன்று மேடையிலும் வைக்கிறேன்.

வானொலி என்றதும் சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பு சொன்னது. அதன் பிறகும் ஏழு ஆண்டு கழித்துத்தான் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த அனுமதி வந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் ‘அண்ணா எஃப்.எம்.’ தொடங்கியது, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது, ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில். 2006-இல் தொண்டு அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாக 2016-இல் பாம்பனில் வந்தது ‘கடல் ஓசை’, 90.4. மீனவர்களுக்கென்றே நடக்கும் வானொலி. காற்று, கடல், மீன், உடல்நலம், பிள்ளைகள் படிப்பு, கரையின் பாட்டு எல்லாம் அதில் வரும். கடற்கரைப் பெண்ணின் பேச்சு மாற்றமில்லாமல் ஒலிபெருக்கியில் வந்ததைக் கேட்ட அன்று, ஓடும் ரயிலில் ஒரு கட்டாவது ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் சமுதாய வானொலிக்குப் பொதுவாக நூறு வாட் வரைதான் அனுமதி. அதைவிடப் பெரிய வேலி ஒன்று இருக்கிறது. சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். காற்று எப்படி என்று சொல்லலாம். காற்றில் போன பன்னிரண்டு பேர் பிடிபட்டார்கள் என்று தன் நிருபர் கேட்டுவந்து சொல்ல முடியாது. பிடிபட்டவரின் வீடு ஒலிபரப்பு நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தாலும் முடியாது. இந்த விதியை மாற்றக் கோரி வாதாட வேண்டியவர்கள் யார்? சட்டமும் ஊடகமும் படித்தவர்கள். அரசுப் பணத்தில் நடக்கும் துறைகளில் உட்கார்ந்து இதை ஆராய்ந்து எழுதினால், எந்த விளம்பரதாரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பொதுப் பல்கலைக்கழகம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தனியார் ஊடகக் கல்லூரிகளில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நல்ல கருவிகளும் இருக்கின்றன. அங்கே ஓராண்டுக் கட்டணம் நாட்டுப்படகான ஒரு வல்லத்தின் விலைக்கு வந்து நிற்கிறது. கடல்பாசி எடுக்கத் தண்ணீரில் இறங்கும் பெண்ணின் மகள் அங்கே போக மாட்டாள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்கா ஆன பிறகு அந்தப் பெண்களின் பிழைப்பு என்ன ஆயிற்று என்பதை, முழங்கால் வரை அந்தத் தண்ணீரில் நின்றவள் எழுதுவதும் வெளியூரிலிருந்து ஒருநாள் வந்தவர் எழுதுவதும் ஒன்றாகாது. அவளுக்கான வகுப்பறை அரசு வகுப்பறை. அதில் ஆசிரியர் பணியிடங்களை ஆண்டுக்கணக்கில் காலியாக விட்டு, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து நாளை ஓட்டினால், இழப்பு அவளுக்குத்தான்.

வெளியூரிலிருந்து வந்து நன்றாக எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் பி. சாய்நாத் நாட்டின் மிக ஏழை மாவட்டங்களைத் தேடிப் போனபோது ராமநாதபுரமும் அவர் பட்டியலில் இருந்தது. பனையேறிகளைப் பற்றி எழுதினார், மிளகாய் விவசாயி தரகரிடம் சிக்கிக் கிடப்பதைப் பற்றி எழுதினார். 1996-இல் வந்த ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிரவுட்’ நூலில் நம் மாவட்டம் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதையும் வருத்தமும் சேர்ந்தே வரும். கமுதியிலும் முதுகுளத்தூரிலும் மிளகாய்க் களத்தில் வளர்ந்த பிள்ளைகள் அன்றும் கல்லூரிகளில் இருந்தார்கள். அவர்களிடம் இதை எழுது என்று ஒரு ஆசிரியரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று பிள்ளைகள் யாரும் சொல்லக் காத்திருப்பதில்லை. சாயல்குடிப் பக்கம் மூக்கையூரிலிருந்து ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ என்று ஒரு யூடியூப் அலைவரிசை, நடுக்கடலில் கேமராவை வைத்துக்கொண்டு வலையில் என்ன விழுந்தது என்று காட்டுகிறது. ஊர் ஊராகப் பார்க்கிறார்கள். கரையே பேசத் தொடங்கிவிட்டது. துறையின் வேலை குறைந்துவிடவில்லை. கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்ட கைக்கு, ஆவணத்தைப் படிக்க, எதிர்த்தரப்பைக் கேட்க, எண்ணைச் சரிபார்க்க, தெரியாததை எழுதாமல் விடக் கற்றுக்கொடுக்க வேண்டும். புயல் நாளில் வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய படத்தைப் பார்த்து ஒரு கிராமம் முழுக்க இரவு விழித்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு பதினோராம் எண்தான்.

ஆகவே பாடத்திட்டக் குழுவில் இருக்கும் நண்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதுகலையில் ஒரு பருவத்தைக் கரைக்குக் கொடுங்கள். மாணவர்கள் பாம்பனிலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ தங்கட்டும். கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கும் இடத்தில் நிற்கட்டும், ஏலத்தில் நிற்கட்டும், மண்டபம் முகாமில் நாற்பது ஆண்டுகளாக இருக்கும் ஈழக் குடும்பங்களோடு பேசட்டும். அந்தப் பருவத்தில் எழுதியதை முதலில் அந்த ஊரிலேயே படித்துக் காட்டட்டும். தவறென்று ஊர் சொன்னால் திருத்திக்கொண்டு வரட்டும். மதிப்பெண்ணில் பாதி அதற்கு.

மாணவர்களே, இன்று சனிக்கிழமை. போன விசைப்படகுகள் நாளை விடியலில் கரை சேரும். விருப்பமுள்ளவர்கள் என்னோடு துறைமுகத்துக்கு வாருங்கள். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். இறங்கி வருகிற ஒருவரிடம் “ராத்திரி காத்து எப்படிண்ணே இருந்துச்சு?” என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு சொல் மாற்றாமல் எழுதிக்கொண்டு வாருங்கள். நான் திங்கள் வரை ஊரில் இருக்கிறேன். சிவப்புப் பேனா கொண்டுவரவில்லை.